ஓஸ் பைப் வாங்கப் போகிறீர்களா? கழுத்தைப் பாருங்கள்!

பூந்தமல்லிக்கும் பூவுக்கும் பழைய உறவு. ஊர்ப் பெயரிலேயே பூ இருக்கிறது. பூவிருந்தவல்லி என்பது அதன் இன்னொரு பெயர். ராமானுஜர் காலத்தில் வாழ்ந்த திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் இதுதான். அவர் இங்கே நந்தவனம் வைத்து வளர்த்தார். பூவைத் தொடுத்து எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரதராஜர் கோவிலுக்குப் போவார் என்று வரலாறு சொல்கிறார்கள்.

அவர் கிணற்றில் இறைத்திருப்பார். குடத்தில் சுமந்து ஊற்றியிருப்பார்.

இன்று யாருக்கு அந்த நேரம் இருக்கிறது? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் நந்தவனம் வைக்க இடமும் இல்லை. வாசலில் ஒரு மல்லிகை. கொல்லையில் ஒரு முருங்கை, இரண்டு வாழை. மாடியில் பத்துத் தொட்டி. காலையில் ரெயிலைப் பிடிக்க ஓடுவதற்கு முன்னால் இவற்றுக்குத் தண்ணீர் விட வேண்டும். ஆகவே வீட்டுக்கு வீடு ஓஸ் பைப் வந்துவிட்டது.

"ஓஸ் பைப் வாங்குவது என்ன பெரிய வித்தையா? கடைக்குப் போனோம், இத்தனை அடி என்றோம், வாங்கினோம், வந்தோம்" என்பீர்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓர் இரவில் ஆயிரம் லிட்டர் தண்ணீரைத் தெருவில் விட்ட பிறகுதான் அந்த நினைப்பு மாறியது.

பெரியம்மா கேட்ட கேள்வி

அது 2019-ம் ஆண்டு ஜூன் மாதம். அந்தக் கோடையை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 24 அடி தண்ணீர் நிற்கும். அந்த ஏரியின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

மறு மாதம் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். முதல் தண்ணீர் ரெயில் ஜூலை 12-ந் தேதி வந்தது. 50 வேகன்கள். 25 லட்சம் லிட்டர் தண்ணீர். அது எங்கே வந்து நின்றது தெரியுமா? வில்லிவாக்கத்தில். அம்பத்தூரில் மின்சார ரெயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன்!

அப்படிப்பட்ட கோடையில் ஆவடியில் எங்கள் வீட்டு 'போர்' காற்று வாங்கியது. லாரித் தண்ணீருக்குச் சொல்லி வைத்து ஐந்து நாள் காத்திருந்தோம். ஆறாம் நாள் லாரி வந்தது. மாடித் தொட்டியை நிரப்பினோம். ஆயிரம் லிட்டர் தொட்டி. குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

அன்று மாலை மல்லிகைச் செடிக்கு நாலு கை தண்ணீர் விடலாம் என்று என் மனைவி சொன்னாள். புதிதாக ஓஸ் பைப் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதன் நுனியில் துப்பாக்கி மாதிரி ஒன்று இருக்கும். விசையை அழுத்தினால் தண்ணீர் பீச்சும். விட்டால் நின்றுவிடும். தண்ணீர் வீணாகாது என்று அதையும் வாங்கி மாட்டியிருந்தேன். செடிக்கு விட்டேன். விசையை விட்டேன். தண்ணீர் நின்றது. சுவரோரம் பைப்பைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

குழாயை மூடவில்லை. பைப் நுனியில்தான் மூடியாகிவிட்டதே!

காலை ஐந்து மணிக்கு எதிர்வீட்டுப் பெரியம்மா கதவைத் தட்டினார்.

"ஏம்ப்பா, தண்ணிய லாரியில வாங்கித் தெருவுல ஊத்துறியா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஓஸ் பைப் குழாயை விட்டுக் கழன்று கீழே கிடந்தது. குழாய் வாய் திறந்து கிடந்தது. மாடித் தொட்டியில் ஒரு சொட்டு இல்லை. தெருவில் செம்மண் குழம்பு. பெரியம்மா மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் குடம் காலியாகத்தான் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

"குத்தம் கழுத்துலதான்"

கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று கோபம் வந்தது. பைப்பைத் தூக்கி எறியப் போனேன். குழாய் வேலை செய்யும் தம்பி ஒருவர் அன்றைக்கு வேறு வேலையாக வந்திருந்தார். பைப்பை வாங்கி ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை தடவிப் பார்த்தார்.

"ஓஸ்ல குத்தம் இல்ல சார். குத்தம் கழுத்துலதான்" என்றார்.

கழுத்து என்று அவர் சொன்னது, குழாயும் பைப்பும் சேரும் இடத்தை. எங்கள் வீட்டுக் குழாயின் மூக்கு அரை அங்குலம். நான் வாங்கியது முக்கால் அங்குல பைப். பெரிதாக இருந்தால் நிறையத் தண்ணீர் வரும் என்று நினைத்து வாங்கினேன். மாட்டியபோது தொளதொளவென்று இருந்தது. கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டேன். கம்பி பைப்பைக் கடித்துப் பள்ளம் பண்ணியிருந்ததே தவிர, இறுக்கிப் பிடிக்கவில்லை.

"இத்தனை நாள் கழலவில்லையே, அன்று இரவு மட்டும் ஏன் கழன்றது?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "இத்தனை நாள் நுனி திறந்திருந்துச்சு சார்."

இதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

திறந்தால் சாது, மூடினால் முரடு

பைப்பின் நுனி திறந்திருக்கும்போது தண்ணீர் வந்த வழியே போய்விடுகிறது. பைப்பின் சுவரைத் தள்ளுவதற்கு அதற்கு அவ்வளவு வேகம் இல்லை. நுனியை மூடினால்? போக வழி இல்லை. மாடித் தொட்டியில் உள்ள தண்ணீரின் அழுத்தம் முழுவதும் பைப்பின் சுவரிலும் கழுத்திலும் விழும்.

எவ்வளவு அழுத்தம்? கணக்கு எளிது. தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், ஒரு சதுர சென்டி மீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். கீழ்த்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டில் தொட்டி சுமார் 8 மீட்டர் உயரத்தில் இருக்கும். அரை அங்குலக் குழாயின் வாய் சுமார் ஒண்ணேகால் சதுர சென்டி மீட்டர். பெருக்கிப் பாருங்கள். ஒரு கிலோ வரும். அதாவது, ஒரு கிலோ படிக்கல் ராத்திரி முழுவதும் பைப்பைக் குழாயில் இருந்து தள்ளிக்கொண்டே இருப்பது போல. தொளதொளத்த கழுத்து எத்தனை மணி நேரம் தாங்கும்?

மோட்டாரில் இருந்து நேராக ஓஸ் பைப் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வீட்டு மோட்டார்கள் பல 25, 30 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளக்கூடியவை. நுனியை மூடினால் மூன்று கிலோ தள்ளும். டக்கென்று மூடினால் தண்ணீர் சுவரில் மோதுவது போல மோதும். அப்போது அதற்கு மேலும் போகும்.

சாதாரணமாகச் சொட்டும் கழுத்தையும் சும்மா விடக்கூடாது. விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல் போகும். ஒரு மாதத்துக்குச் சுமார் 130 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் எட்டு குடத்துக்கு மேல்! எட்டு குடம் தண்ணீருக்கு 2019-ல் தெருவில் என்ன சண்டை நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

தோலில் தொடங்கிய கதை

இந்த ஓஸ் பைப் எப்போது வந்தது? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். முதலில் செய்தது தோலில்!

நம் ஊர்க் கவலை ஏற்றத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாடு கட்டி இறைப்பார்களே, அதுதான். கிணற்றுக்குள் போகும் சாலின் அடியில் தோலால் ஆன நீண்ட குழல் இருக்கும். சால் மேலே வந்ததும் அந்தத் தோல் குழல் வழியாகத்தான் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். காய்ந்தால் தோல் வெடித்துவிடும். எண்ணெய் போட்டுப் பதமாக வைத்திருப்பார்கள்.

ஐரோப்பாவில் ஆலந்து நாட்டில் ஓர் ஓவியர் இருந்தார். பெயர்: யான் வான் டெர் ஹைடன். ஆம்ஸ்டர்டாம் நகரக் காட்சிகளை வரைந்து பேர் எடுத்தவர். அந்த நகரில் தீப்பிடித்தால் ஜனங்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி ஊற்றுவார்கள். அதைப் பார்த்து அவரும் அவர் தம்பியும் 1672-ம் ஆண்டு தோலைத் தைத்து நீண்ட குழல் செய்தார்கள். தீயணைக்கும் இயந்திரத்தில் அதை மாட்டினார்கள். தண்ணீர் தீ இருக்கும் இடத்துக்கே போனது. அதுதான் இன்றைய ஓஸ் பைப்பின் மூதாதை.

அதிலும் என்ன தொல்லை தெரியுமா? தையல் போட்ட இடத்தில் ஒழுகியது! பிற்காலத்தில் அமெரிக்காவில் நூல் தையலை விட்டுவிட்டு, உலோக ஆணி அடித்து இணைத்தார்கள்.

பிறகு ரப்பர் வந்தது. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். அதோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் உறுதியாகிறது என்று 1839-ல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். உலகத்துக்கே உபயோகமான காரியம். ஆனால் அவர் கடனாளியாகச் செத்தார்.

அமெரிக்காவில் குட்ரிச் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவர் 1870-ல் ஆக்ரன் நகரில் ரப்பர் கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனி முதலில் செய்து விற்ற சரக்குகளில் ஒன்று தீயணைக்கும் ஓஸ். அதே கம்பெனியில் வேலை பார்த்த விஞ்ஞானி வால்டோ செமன். ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்குப் பசை தேடி, 1926-ல் பி.வி.சி. என்ற பொருளை ஏதேதோ திரவத்தில் போட்டுக் காய்ச்சினார். பசை கிடைக்கவில்லை. வளைந்து கொடுக்கும் ஒரு பொருள் கிடைத்தது. அதில் இருந்துதான் மழைக்கோட்டும், ஒயர் உறையும், இன்று உங்கள் வாசலில் சுருண்டு கிடக்கும் ஓஸ் பைப்பும் வந்தன. தமிழ்நாட்டில் மேட்டூரில் 1967-ல் பி.வி.சி. உற்பத்தி தொடங்கியபோதும் அந்தக் குட்ரிச் கம்பெனியின் கூட்டுறவு இருந்தது.

கதை போதும். கடைக்குப் போவோம்.

வீட்டில் அளந்துகொண்டு போங்கள்

கடைக்காரர் "எத்தனை அடி சார்?" என்று மட்டும்தான் கேட்பார். வேறு ஒன்றும் கேட்க மாட்டார். அளவைத் தெரிந்துகொண்டு போக வேண்டியது நம் பொறுப்பு.

முதலில் குழாயின் மூக்கை அளக்க வேண்டும். காகிதத்தை நாடாவாகக் கிழித்து மூக்கைச் சுற்றுங்கள். சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். கடைக்காரர் பார்த்த உடனே அரை அங்குலமா, முக்கால் அங்குலமா என்று சொல்லிவிடுவார். மூக்கில் பைப் சற்றே சிரமப்பட்டு ஏற வேண்டும். வழுக்கிக்கொண்டு ஏறினால் அது உங்கள் வீட்டுக்கு ஆகாது.

பெரிய பைப் வாங்கினால் நிறையத் தண்ணீர் வரும் என்பது பாதி உண்மை. முக்கால் அங்குல பைப்பின் வாய், அரை அங்குல வாயைப்போல இரண்டேகால் மடங்கு. ஆனால் குழாயே அரை அங்குலமானால் பைப் மட்டும் பெரிதாக இருந்து என்ன பயன்? தொட்டிச் செடிக்கும் வாசல் தெளிக்கவும் அரை அங்குலம் தாராளம். கொல்லை பெரிதாக இருந்து, குழாயும் முக்கால் அங்குலமாக இருந்தால் முக்கால் அங்குலம் வாங்கலாம்.

அடுத்தது நீளம். கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒரு சணல் கயிற்றைக் குழாயில் கட்டுங்கள். சுவரைச் சுற்றி, படியைத் தாண்டி, கடைசிச் செடி வரை கொண்டு போங்கள். அந்தக் கயிற்றின் நீளத்தோடு இரண்டு மீட்டர் சேர்த்து வாங்குங்கள். குறைவாக வாங்கிப் பிறகு ஒட்டுப் போட்டால் அது இன்னொரு கழுத்து. அதிகமாக வாங்கினால் மடிந்து மடிந்து கிடக்கும். மடிந்த இடம்தான் முதலில் வெடிக்கும்.

ஒரு விஷயம். சில கடைகளில் அடிக் கணக்கு. சில கடைகளில் மீட்டர் கணக்கு. ஒரு மீட்டர் என்பது மூன்றேகால் அடிக்குச் சற்று மேல். "இங்கே மலிவு" என்று சொல்வதற்கு முன்னால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்!

கடையில் கையும் கண்ணும்

வெட்டிய முனையை முதலில் பாருங்கள். வட்டம் வட்டமாக இருக்கிறதா? சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமா? ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால், மெலிந்த பக்கம் சீக்கிரம் போய்விடும்.

நல்ல பைப்பின் சுவருக்குள் நூல் பின்னல் தெரியும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் அடுக்கு, நடுவில் நூல் வலை, வெளியே இன்னோர் அடுக்கு. அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்தான். பலூன் மாதிரி உப்பாமல் அது பிடித்துக்கொள்ளும். நுனியில் துப்பாக்கி மாட்டுகிறவர்களும் மோட்டாரில் மாட்டுகிறவர்களும் நூல் வைத்த பைப்பைத்தான் வாங்க வேண்டும். நூல் இல்லாத வெறும் பைப் மட்டமானது என்று நான் சொல்ல மாட்டேன். நுனியைத் திறந்தே வைத்து, வாளியில் இருந்தோ தொட்டியில் இருந்தோ தண்ணீர் விடுகிறவர்களுக்கு அது போதும். காசும் குறைவு.

பிறகு பைப்பை வளைத்துப் பாருங்கள். உள்ளங்கை அகலத்துக்கு வளைத்த உடனே ஒடிந்தாற்போல மடங்கினால் வேண்டாம். வளைத்த இடம் வெளுத்துப் போனாலும் வேண்டாம். விலையைக் குறைக்கச் சுண்ணாம்புத் தூள் அதிகமாகக் கலந்தால் இப்படி வெளுக்கும். மூக்கைத் துளைக்கும் நாற்றம் அடித்தாலும் யோசியுங்கள்.

நிறத்தில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. கண்ணாடி போன்ற பைப் பார்க்க அழகு. உள்ளே தண்ணீர் ஓடுவது தெரியும். ஆனால் வெளிச்சம் உள்ளே போவதால் பாசி பிடிக்கும். வெயிலில் வைத்துப் பிழங்குவதற்கு உள்ளே தெரியாத பச்சையோ, நீலமோ, கறுப்போதான் நல்லது.

சில பைப்புகளின் மேல் எழுத்து அச்சடித்திருப்பார்கள். வேலை அழுத்தம் என்று ஓர் எண், வெடிக்கும் அழுத்தம் என்று ஓர் எண். பெரிய எண்ணைக் காட்டி விற்பார்கள். அது வெடிக்கும் அழுத்தம். நமக்கு வேண்டியது சின்ன எண், வேலை அழுத்தம். வெயிலில் பிளாஸ்டிக் இளகும்போது அந்தத் தாங்கும் சக்தியும் குறைந்துவிடும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் 40 டிகிரி சாதாரணம். ஆகவே கணக்குக்குச் சரியாக இல்லாமல் இரண்டு பங்கு கூடுதலாகப் பார்த்து வாங்குங்கள்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், முத்திரைக்கு மேலே தர எண்ணும் கீழே லைசென்ஸ் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் முத்திரையை மட்டும் யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம்.

ரப்பர் பைப் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். நன்றாக உழைக்கும். மடங்காது. ஆனால் கனம். விலையும் கூடுதல். வயதான அம்மா மாடியில் இழுத்துக்கொண்டு நடக்க முடியாது. கீழே கொல்லையில் பெரியவர்கள் உபயோகிப்பதானால் வாங்கலாம்.

தண்ணீர் விட்டால் நீளும், நிறுத்தினால் சுருங்கும் துணிப் பைப் ஒன்றும் அண்மை ஆண்டுகளில் வந்திருக்கிறது. குழந்தைகளுக்கு வேடிக்கை. உள்ளே மெல்லிய ரப்பர்ப் பை, வெளியே துணி. வெயிலில் கிடந்து, கல்லில் உரசினால் அந்த மெல்லிய பை ஓட்டையாகிவிடும். ஒட்டுப்போட வழி இல்லை. என் பணம் என்றால் வாங்க மாட்டேன்.

கழுத்துக்குச் செலவு செய்யுங்கள்

பைப்புக்கு நூற்றுக்கணக்கில் கொடுப்பவர்கள் கிளிப்புக்குக் கொடுக்க யோசிக்கிறார்கள். ஒழுகுவது அங்கேதானே?

திருப்புளியால் திருகி இறுக்கும் எவர்சில்வர் கிளிப்பாகக் கேட்டு வாங்குங்கள். மட்டமான இரும்புக் கிளிப் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடும். குழாயில் மரை இருந்தால், மரையில் திருகி மாட்டும் பித்தளை மூக்கு கிடைக்கும். அதற்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இரண்டு வாஷர் கூடுதலாக வாங்கி வையுங்கள். இந்தப் பக்கத்து 'போர்' தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். மரையில் வெள்ளையாகப் படியும். வாஷரும் விறைத்துப் போகும். ஒழுக ஆரம்பித்தால் பைப்பைத் திட்டுவதற்கு முன்னால் வாஷரை மாற்றிப் பாருங்கள்.

மாட்டும் முறையை அந்தக் குழாய்த் தம்பிதான் எனக்குக் கற்றுக் கொடுத்தார். பைப்பின் முனையைக் கத்தியால் நேராக வெட்டினார். கிளிப்பை முதலில் பைப்பில் நுழைத்துவிட்டார். (நான் எப்போதும் மாட்டிவிட்டு கிளிப்பைத் தேடுவேன்.) ஒரு டம்ளர் வெந்நீரில் முனையை ஒரு நிமிடம் தோய்த்தார். இளகியது. சோப்புத் தண்ணீரைத் தொட்டு மூக்கில் ஏற்றினார். இரண்டு விரல் அளவு உள்ளே ஏறியது. முனையில் இருந்து ஒரு விரற்கடை தள்ளிக் கிளிப்பை வைத்து இறுக்கினார். பைப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கவில்லை. அப்படி இறுக்கினால் கிளிப்பே வெட்டிவிடுமாம்.

"எண்ணெய் போட்டால் இன்னும் சுலபமா ஏறுமே?" என்றேன்.

"ஏறும் சார். அதே மாதிரி சுலபமா இறங்கும்" என்றார்.

கிளிப் இல்லாத அவசரத்துக்கு அவர் ஒரு வழி சொன்னார். பழைய சைக்கிள் டியூபை விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்ட வேண்டும். கட்டுக்கம்பியைவிட அது ஆயிரம் மடங்கு மேல். கம்பி கடிக்கும்; ரப்பர் அணைக்கும். 1949-ல் சைக்கிள் கம்பெனி தொடங்கிய அம்பத்தூரில் பழைய டியூபுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை என்று அவர் சொல்லிச் சிரித்தார்.

மாட்டிய பிறகு சோதனை. நுனியை மூடிவிட்டுக் குழாயைத் திறந்து வையுங்கள். கழுத்துக்கு அடியில் ஒரு பத்திரிகைத் தாளைப் போடுங்கள். இந்தத் தாளையே போடலாம், படித்து முடித்த பிறகு! பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். தாளில் ஒரு சொட்டு ஈரம் கூட இல்லை என்றால் கழுத்து சரி. அப்படியே பைப் முழுவதையும் ஒரு தடவை பாருங்கள். எங்காவது புடைத்திருந்தால் அதே நாளில் கடையில் கொடுத்து மாற்றுங்கள். பில்லை எறிந்துவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும்

குழாயை மூடுங்கள். பிறகு நுனியைத் திறந்து உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். நுனியை மட்டும் மூடிவிட்டுப் போகக் கூடாது. என்னைப்போல் ஏமாற வேண்டாம்.

30 மீட்டர் நீளமுள்ள முக்கால் அங்குல பைப்பில் எட்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். பகல் முழுவதும் வெயிலில் கிடந்தால் அது வெந்நீர். மாலையில் முதல் தண்ணீரைச் செடியில் விட்டால் வேர் வெந்துவிடும். குழந்தை கையில் பைப்பைக் கொடுத்தால் கை சுட்டுவிடும். முதலில் தரையில் கொஞ்சம் விட்டு, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஓஸ் பைப் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் குடிதண்ணீருக்காகச் செய்தது அல்ல.

ஆணியில் தொங்கவிட்டால் ஆணி இருக்கும் இடத்தில் மடியும். பழைய சைக்கிள் ரிம் ஒன்றைச் சுவரில் அடித்து அதில் சுற்றி வையுங்கள். நிழல் உள்ள சுவராகப் பாருங்கள்.

பைப்பின் நுனி சாக்கடையிலோ சோப்புத் தண்ணீர் வாளியிலோ முழுகிக் கிடக்கக் கூடாது. தண்ணீர் நின்று போகும்போது, அந்த அழுக்கைக் குழாய் பின்னால் உறிஞ்சிக்கொள்ளக்கூடும்.

கழுத்து ஒழுகும் இடத்தில் சின்னக் குட்டை தேங்கினால் அதையும் பாருங்கள். டெங்கு கொசு சாக்கடையைத் தேடிப் போவது இல்லை. தெளிந்து நிற்கும் தண்ணீரில்தான் முட்டை இடும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். குழாயடியில் கிடக்கும் சிரட்டையும் தொட்டித் தட்டும்கூட அதற்குப் போதுமானவை.

நடுவில் ஓட்டை விழுந்தால் புதுப் பைப் வாங்க வேண்டியது இல்லை. ஓட்டை உள்ள பகுதியை வெட்டி எறியுங்கள். இரண்டு முனையையும் சேர்க்க ஒரு பித்தளை ஜாயிண்ட்டும் இரண்டு கிளிப்பும் போதும். ஒட்டும் டேப்பைச் சுற்றுவது இரண்டு நாளைக்குத்தான்.

என் பழைய முக்கால் அங்குல பைப் வீணாகவில்லை. கம்பி கடித்த கழுத்தை வெட்டி எறிந்தேன். ஒரு சாண் துண்டுகளை நீளவாக்கில் கீறி, வாளிகளின் கம்பிக் கைப்பிடியில் மாட்டினேன். தூக்கும்போது கை வலிக்கவில்லை. காற்றில் சாய்ந்த முருங்கையை இழுத்துக் கட்டியபோது, கம்பி பட்டையை அறுக்காமல் இருக்க ஒரு துண்டுக்குள் கம்பியைக் கோத்துக் கட்டினேன். மீதியைச் சுருட்டி எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் கொடுத்தேன். அவர் வீட்டுக் குழாயின் மூக்கு முக்கால் அங்குலம். நானே எவர்சில்வர் கிளிப் போட்டு மாட்டிக் கொடுத்தேன். அவர் அடியில் ஒரு பத்திரிகைத் தாளைப் போட்டு, பத்து நிமிடம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் என்னை விட்டார்.